ஃபிகர் ஸ்கேட்டிங்: அந்த 'ஃபிகர்' எது?

நம்ம ஊரில் 'ஃபிகர்' என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பனித்தரையில் சறுக்கி ஆடும் விளையாட்டான ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மினுமினுக்கும் உடையில் சுழலும் பெண்களை டிவியில் பார்த்துவிட்டு, அதனால்தான் இந்தப் பேர் என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆண்களும் ஆடுகிறார்களே என்று அப்போது தோன்றவில்லை, என்ன செய்ய.

லத்தீனில் 'ஃபிகூரா' என்றால் உருவம், வடிவம். அந்த வடிவம் ஆடுபவரின் உடம்பில் இல்லை, தரையில் இருக்கிறது. அந்தக் காலத்துப் போட்டிகளில், காலணிக்கு அடியிலிருக்கும் எஃகுத் தகட்டின் விளிம்பால் பனிக்கட்டியில் கீறி எட்டுப் போடுவார்கள்: ஒரு காலில் ஒரு வட்டம், கால் மாற்றி அடுத்த வட்டம், முடிந்ததும் அதே கோட்டின் மேல் மறுபடி, அப்புறம் மூன்றாவது தடவை. பிறகு நடுவர்கள் தரைக்கே இறங்கி வந்து, குனிந்து, மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறதா, வட்டம் எங்காவது கோணியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாட்டு கிடையாது, தாவல் கிடையாது.

அமெரிக்காவின் தேசிய சாம்பியன்ஷிப் 1914-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் தொடங்கியபோது இந்த எட்டுப் போடுவதற்குத்தான் பெரிய மதிப்பு. (அந்த முதல் போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்றவர் கனடாக்காரர் நார்மன் ஸ்காட். பெண்கள் பட்டம் தெரசா வெல்டுக்கு. இன்னொரு விசித்திரம், இன்றைக்கு அங்கே நான்காவது இடத்துக்கும் வெள்ளீயக் கலவையில் ஒரு பதக்கம் உண்டு.) 1960களில்கூட மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் கோட்டுக்கே போனது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா, இசைக்கு ஆடும் சுற்றில் ஏழாவதாக வந்தும் தங்கம் வாங்கினார். அந்தச் சுற்றில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம்தான். டிவியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதிலிருந்து கோட்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே போய், 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் அது அறவே இல்லை. பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

'ஸ்கேட்' கதையும் சுவாரசியமானது. டச்சில் 'ஸ்காட்ஸ்' என்பதே ஒருமை. கடைசியில் 'ஸ்' இருக்கிறதே, பன்மையாக இருக்கும் என்று ஆங்கிலேயர்கள் அதை வெட்டிவிட்டார்கள். அதற்கும் மூலம் பழைய பிரெஞ்சுச் சொல், அர்த்தம் பொய்க்கால்! மரக்கால் கட்டி ஆடுகிறோமே, அதேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பனிச்சறுக்கு' என்று எழுதினால் மலைச்சரிவில் பலகை கட்டி இறங்குவதும் அதுதான், குழப்பம். 'பனி நடனம்' என்பதும் சரிவராது, ஏனென்றால் ஆண்கள், பெண்கள், இணையர் என்ற பிரிவுகளோடு ஐஸ் டான்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. 'உருவச் சறுக்கு' பிழையில்லை, ஆனால் அகராதியிலிருந்து நேரே எழுந்து வந்த மாதிரி இருக்கிறது.

என் ஓட்டு 'கோலச் சறுக்கு'க்கு. தரையில் இழுக்கும் கோடும் கோலம், உருவமும் கோலம், அழகும் கோலம், மணக்கோலம் என்கிறபோது ஒப்பனையும் கோலம். எட்டுப் போட்ட காலத்துக்கும் பொருந்தும், மினுமினு உடைக்கும் பொருந்தும். யானைக்கும் அடி சறுக்கும் என்பதால் 'சறுக்கு' என்றாலே விழுவதுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சறுக்கு மரத்தில் ஏறும் பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை.

'மிஷெல் குவான் அமெரிக்கத் தேசியக் கோலச் சறுக்குப் போட்டியில் 9 முறை பட்டம் வென்றார்.' எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.