விட்டதைப் பிடிக்கும் ஆசை

"டாக்டர், விட்டதை மட்டும் பிடிச்சிட்டா அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து என்னிடம் வருபவர்களில் இதைச் சொல்லாதவர் அநேகமாக இல்லை. ஒருவர் இரண்டு லட்சம் விட்டிருப்பார், இன்னொருவர் இருபது லட்சம். சொல்வது மட்டும் மாறாது. மனநல மருத்துவராக எனக்கு நோயின் முதல் அடையாளமே இந்தப் பேச்சுதான்.

நோய் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, மதுவும் புகையிலையும் இருக்கும் அதே அத்தியாயத்தில் சூதாட்டத்தையும் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு ஓராண்டுக்குள் தெரிந்தால் நோய் என்கிறது. வீட்டிலேயே முதலில் சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். மேலும் மேலும் கூடுதல் பணம் வைத்து ஆட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினோம் என்று வீட்டாரிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஒரு மருத்துவரையோ உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள்.

ஊரில் மரத்தடியில் சீட்டாடியவர்களும் பணம் விட்டார்கள். ஆனால் அங்கே பை காலியாகும், விளக்கு அணையும், யாராவது எழுந்து வீட்டுக்குப் போவார்கள். போனில் இது எதுவும் நடக்காது. ஒரு கை முடிந்த சில நொடிகளில் அடுத்த டேபிள் தயார். பணம் கையைவிட்டுப் போவதே தெரியாது, திரையில் எண் குறையும், அவ்வளவுதான். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாதபடி இடையிடையே கிடைக்கும் வெற்றிதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கிறது. "ஒரே ஒரு கார்டுல போச்சு" என்பார்கள். அந்த மயிரிழைத் தோல்வியை மூளை தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை, ஏறக்குறைய ஜெயித்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடன் அடைப்பதைப் பற்றி. அடையாளம் தெரியாதபடி பலரின் கதையை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். மகனின் கடன் தெரிந்ததும் அப்பா ஊரிலிருந்த நிலத்தை விற்றார். லோன் ஆப், கிரெடிட் கார்டு, நண்பர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அடைந்தது. மகன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நான்காம் மாதம் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடையில் இருந்தது.

சத்தியம் செய்தபோது அவன் ஏமாற்றவில்லை, உண்மையாகவே அழுதான். ஆனால் கடன் முழுதாக அடைந்ததும் எல்லா லோன் ஆப்பும் மறுபடி கடன் தரத் தயாராகிவிட்டது. இழப்பின் வலியும் ஒரே நாளில் மறைந்துவிட்டது. சூதாட்டத்தால் வந்த நெருக்கடியைத் தீர்க்க அடுத்தவர் பணத்தை நம்பியிருப்பது, நான் மேலே சொன்ன ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. பாசத்தில் செய்யும் உதவி நோய்க்குத் தீனியாவதைப் பார்க்கும்போது, அந்த அப்பாக்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கும்.

அதனால் முதலில் கடனை எழுதச் சொல்கிறேன், எல்லாவற்றையும், ஒரே தாளில். அநேகமாக ஒன்றை மறைப்பார்கள். பெரும்பாலும் கந்துவட்டிக் கடனாக இருக்கும், அடுத்த முறை வரும்போது வெளியே வரும். பணம் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அவர் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே தவணையாகக் கட்டுங்கள். சம்பளம் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் கணக்குக்குப் போகட்டும். ஜிபே, நெட் பேங்கிங், ஏடிஎம் கார்டு எதுவும் அவரிடம் வேண்டாம், அன்றாடச் செலவுக்கு ரொக்கம் மட்டும். "பொண்டாட்டிகிட்ட பெட்ரோலுக்குக் காசு கேட்கணுமா?" என்று கூனிக் குறுகிப்போகும் ஆண்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஏற்பாட்டைச் சேர்ந்து பரிசீலிப்போம் என்று தேதி குறித்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் ரம்மி ஆப் போனதும் வெளிநாட்டுத் தளங்களில் கிரிக்கெட் பெட்டிங்குக்கு மாறுபவர்கள் உண்டு. ஆப் போனால் நோயும் போய்விடும் என்று வீட்டார் இருந்துவிட வேண்டாம்.

சிகிச்சையில் பெரும்பங்கு பேச்சுதான். ஆடத் தூண்டும் நேரம், இடம், மனநிலை எது என்று கண்டுபிடித்து, அந்த உந்துதல் அலைபோல எழுந்து அடங்கும்வரை தாக்குப்பிடிக்கப் பழக்குகிறோம். மனச்சோர்வோ குடியோ கூட இருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும். சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரை உதவுகிறது. இன்னொன்று, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளாலேயே சிலருக்குச் சூதாட்ட வெறி வருவதுண்டு. பெரியவர் ஒருவர் திடீரென்று ஆடத் தொடங்கினால் அவருடைய மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கடன் வெளியே தெரியவரும் நாட்கள் ஆபத்தானவை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

சறுக்கலும் வரும். பத்து மாதம் ஆடாமல் இருந்த ஒருவர், நண்பரின் போனில் ஐந்நூறு ரூபாய் வைத்து ஆடிவிட்டார். அன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி கத்தவில்லை. மறுநாள் இருவரும் வந்தார்கள். ஏடிஎம் கார்டு இன்னும் மூன்று மாதம் மனைவியிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அதை முதலில் சொன்னவர் கணவர்தான்.