ஐந்து முறை தோற்ற அணியை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

வட அமெரிக்காவின் என்எச்எல் லீக் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டை ஒட்டி, ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக் கூரை போட்ட அரங்கிலிருந்து வெளியே கொண்டுவந்து ஏதாவது ஒரு பெரிய திறந்தவெளி மைதானத்தில் நடத்துகிறது. வின்டர் கிளாசிக் என்று பெயர். 2008இல் தொடங்கி 2026 வரை 17 ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. இவற்றில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 5 ஆட்டங்களில் ஆடியிருக்கிறது, வேறு எந்த அணியும் இத்தனை முறை ஆடியதில்லை. ஐந்திலும் தோல்வி. 6-4, 3-2, 4-1, 4-2, கடைசியாக 2024 டிசம்பர் 31 அன்று 6-2. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய சீசனை அவர்கள் 32 அணிகளில் 31ஆவது இடத்தில் முடித்திருந்தார்கள்.

ஆகவே புள்ளிப் பட்டியலைப் பார்த்து அணிகளை எடுப்பதில்லை என்பது தெரிகிறது. குலுக்கலும் கிடையாது, தகுதிச் சுற்றும் கிடையாது. லீக் அலுவலகம் ஒளிபரப்பும் டிவி நிறுவனத்துடன் பேசி முடிவு செய்து, பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு வருடம் முன்னாடியே அறிவித்துவிடுகிறது. அறிவிக்கும்போது அந்த இரண்டு அணிகளும் அடுத்த சீசனில் எப்படி ஆடும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இது காட்சி ஆட்டம் அல்ல. ஜெயித்தால் கிடைக்கும் 2 புள்ளிகள் சீசன் கணக்கில் சேரும். அதனால்தான் தேர்வு கொஞ்சம் சிக்கலாகிறது.

முதலில் எத்தனை வாய்ப்புகள் இருக்கின்றன என்று பார்ப்போம். 32 அணிகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 496 வழிகள். ஆனால் யாருடைய ஊரில் ஆட்டம் என்பதும் முக்கியம், அதனால் அதை இரண்டால் பெருக்கினால் 992. இப்போதைய அட்டவணைப்படி எல்லா அணிகளும் ஒன்றையொன்று சொந்த ஊரில் ஒரு தடவையாவது, எதிரணி ஊரில் ஒரு தடவையாவது சந்திப்பதால், இந்த 992இல் எதையுமே தாராளமாக எடுக்கலாம். காகிதத்தில். நிஜத்தில் ஒவ்வொரு நிபந்தனையாக வந்து இந்தப் பட்டியலை வெட்டிக்கொண்டே போகிறது. கணினி அறிவியலில் இந்த மாதிரிக் கணக்கை நிபந்தனை நிறைவுச் சிக்கல் என்பார்கள்: எது சிறந்தது என்று தேடுவதற்கு முன்னால், எதெல்லாம் முடியாது என்று கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது.

கழிப்பதில் முதல் ஆள் டி.ஆர்.பி. 2008 முதல் 2021 வரை வின்டர் கிளாசிக்கை அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பியது என்பிசி, அதற்கப்புறம் டிஎன்டி. இந்த நிறுவனங்கள் விளம்பரம் விற்பது அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து. டொரண்டோவில் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அது கனடா கணக்கு, அமெரிக்க டி.ஆர்.பி.யில் ஒரு புள்ளிகூட ஏறாது. விளைவைப் பாருங்கள்: 17 ஆட்டம், அதாவது 34 இடம், அதில் கனடா அணிகளுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. 2014இல் டொரண்டோ, 2016இல் மான்ட்ரியல். இரண்டுமே விருந்தாளியாகத்தான் வந்தன, இரண்டுமே ஜெயித்துவிட்டுப் போயின. ஐஸ் ஹாக்கியைத் தாய்ப்பால் மாதிரி குடித்து வளரும் நாட்டில் ஒரு வின்டர் கிளாசிக்கூட நடந்ததில்லை. கனடாவுக்கென்று ஹெரிட்டேஜ் கிளாசிக் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதுதான் மூத்தது, 2003 நவம்பரில் எட்மன்டனில் கடும் உறைகுளிரில் 57 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சிகாகோ புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. பெரிய நகரம், 1926இலிருந்து இருக்கும் பழைய அணி, 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பைகள், நாடு முழுக்க ரசிகர்கள். 2024 டிசம்பரில் அணி சொத்தையாக இருந்தாலும் கானர் பெடார்ட் என்ற இளம் நட்சத்திரம் இருந்தார், 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். டிவிக்கு அது போதும். 2008 முதல் ஆட்டத்திலேயே இந்தச் சூத்திரம் இருந்தது: பஃபலோவில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, 71,217 பேர் முன்னால், பிட்ஸ்பர்கின் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி, சமநிலையை முறிக்கும் ஷூட்அவுட்டில் கடைசி கோல் அடித்து ஜெயித்தார். அந்தக் காட்சிதான் இந்த ஆட்டத்தை வருடாந்திர நிகழ்ச்சி ஆக்கியது என்று நான் நினைக்கிறேன். 2011இல் அதே கிராஸ்பியையும் வாஷிங்டனின் நட்சத்திரம் ஒவெச்கினையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மழையால் மதிய ஆட்டம் இரவு 8 மணிக்குத் தள்ளிப்போனது, அமெரிக்காவில் சுமார் 45 லட்சம் பேர் பார்த்தார்கள்.

எதிரணியைத் தேர்ந்தெடுக்கும்போது பகையும் தூரமும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. சிகாகோவும் செயின்ட் லூயிஸும் இரண்டு முறை மோதியிருக்கின்றன, காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரங்கில் 18 ஆயிரம் இருக்கைகளை நிரப்பினால் போதும், ஆனால் மைதானத்தில் 40 ஆயிரம், 70 ஆயிரம் என்று நிரப்ப வேண்டியிருப்பதால் எதிரணி ரசிகர்களும் கிளம்பி வரவேண்டும். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,05,491 பேர் வந்ததற்கு, எல்லை தாண்டினால் டொரண்டோ நாலு மணி நேரம்தான் என்பதும் ஒரு காரணம்.

அடுத்த வெட்டு, மைதானம். ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்க ஃபுட்பால் சீசன் இன்னும் முடிந்திருக்காது, அந்த மைதானங்கள் பிஸி. ரிங்க், அதாவது ஆடும் ஐஸ் தளம், கட்ட பல நாட்கள் தொடர்ச்சியாக இடம் வேண்டும். பேஸ்பால் மைதானங்களோ நவம்பர் தொடக்கத்துக்குள் காலியாகிவிடும். அதனால்தான் 17இல் 11 ஆட்டங்கள் பேஸ்பால் மைதானங்களில் நடந்தன. அப்புறம் நாள். ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் அது ஃபுட்பாலுக்குச் சொந்தம், ஹாக்கி 2ஆம் தேதிக்குப் போய்விடும். 2024இல் கல்லூரி ஃபுட்பாலின் பிளேஆஃப் (இறுதிக் கட்ட நாக்அவுட் சுற்று) விரிவாகி ஜனவரி 1ஐப் பிடித்துக்கொண்டதும் டிசம்பர் 31க்கு நகர்ந்தார்கள்.

சில நிபந்தனைகள் வேடிக்கையானவை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் எந்தத் திறந்தவெளி ஆட்டத்திலும் சொந்த ஊர் அணியாக ஆடியதே இல்லை. அவர்களுடைய அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு 1982இல் இயற்றிய சட்டப்படி சொத்து வரி விலக்கு உண்டு, ஆனால் அந்த அணி தன் சொந்த ஆட்டங்களை அங்கேயே ஆட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதனால் 2018இல் நியூயார்க் நகரத்துக்குள்ளேயே சிட்டி ஃபீல்டில் ஆட்டம் நடந்தபோது, மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த பஃபலோதான் ‘சொந்த ஊர்’ அணி, ரேஞ்சர்ஸ் விருந்தாளி! வரிச் சட்டம் ஒன்று அந்த 992இலிருந்து ஒரே வீச்சில் 31ஐ அழித்துவிட்டது.

சரி, இதெல்லாம் மனிதர்கள் போட்ட நிபந்தனைகள். இயற்பியல் போடும் நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது.

ஒரு என்எச்எல் ரிங்க் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், பரப்பு கிட்டத்தட்ட 1,580 சதுர மீட்டர். மைதானத்தில் மேடை போட்டு, அதன்மேல் அலுமினியத் தட்டுகளைப் பரப்பி, அவற்றுக்குள் குளிர்ந்த, எளிதில் உறையாத கிளைகால் கரைசலை ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறையவைக்கிறார்கள், பெரும்பாலும் ராத்திரியில். முடியும்போது ஐஸ் சுமார் 5 சென்டிமீட்டர் தடிமன், அரங்கில் இருப்பதைவிட அதிகம். வெளியே லாரியில் நிற்கும் குளிரூட்டும் இயந்திரத்தின் திறன் 300 டன். இந்த டன் எடை அல்ல, குளிரூட்டும் அளவு, வீட்டு ஏசியில் ஒன்றரை டன் என்கிறோமே அதே டன்தான். வாட் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 1,055 கிலோவாட். பரப்பால் வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டரிலிருந்து சுமார் 670 வாட் வெப்பத்தை எடுக்க முடியும்.

ஜனவரி 1 அன்று சிகாகோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரம்தான் ஏறும். மேகமே இல்லாவிட்டாலும் கிடைத்தளத்தில் விழுவது சதுர மீட்டருக்கு 400 வாட் அளவு. அதிலும் வெள்ளை பூசிய ஐஸ் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அப்படியானால் இயந்திரம் சுலபமாக ஜெயிக்க வேண்டுமே?

ஜெயிக்காது, ஏனென்றால் வெப்பம் மேலேயிருந்து கீழே தட்டுக்குப் போக அந்த 5 சென்டிமீட்டர் ஐஸைக் கடக்க வேண்டும். ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் விதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், சதுர மீட்டருக்கு 200 வாட் கீழே இறங்க மேற்பரப்புக்கும் தட்டுக்கும் நடுவே நாலரை டிகிரி வித்தியாசம் தேவை. தட்டு மைனஸ் 9 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மேற்பரப்பு மைனஸ் நாலரை. அருமையான ஐஸ். ஆனால் நீலக் கோடு, சிவப்புக் கோடு, விளம்பர லோகோ இருக்கும் இடங்கள் ஒளியைத் திருப்பாமல் விழுங்கும். வெயில் வலுவாகி அங்கே 500 வாட் உள்ளே போனால், தேவைப்படும் வித்தியாசம் 11 டிகிரியைத் தாண்டுகிறது. தட்டு மைனஸ் 9 என்றால் கோட்டுக்கு அருகே ஐஸ் இளகத் தொடங்கிவிடும். காற்று குளிராக இருந்தாலும் இது நடக்கலாம். இன்னும் குளிரவைக்கலாமே என்றால், மைதானத்தின் நிழல் விழும் பாதி அப்போது அளவுக்கு மீறிக் குளிர்ந்து, ஸ்கேட் பட்டதும் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெயில் பாதி, நிழல் பாதி என்று கிடக்கும் ரிங்க்தான் ஐஸ் போடுபவர்களுக்குப் பெரிய தலைவலி.

இது 2021 பிப்ரவரி 20 அன்று டாஹோ ஏரிக்கரையில் டிவியில் நேரடியாகத் தெரிந்தது. வேகஸ் எதிர் கொலராடோ, இது வின்டர் கிளாசிக் இல்லை, தனி நிகழ்ச்சி, பார்வையாளர்கள் கிடையாது, பின்னணியில் மலையும் ஏரியும். பிப்ரவரி கடைசி என்பதால் சூரியன் 40 டிகிரி உயரம், இடம் கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர், வானத்தில் மேகமே இல்லை. சதுர மீட்டருக்கு 650 வாட்டைத் தாண்டியிருக்கும். முதல் பீரியடிலேயே (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) வீரர்கள் தடுக்கி விழ ஆரம்பித்தார்கள், நடுவர்கள் உட்பட. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, இருட்டிய பிறகு மிச்சத்தை ஆடினார்கள்.

எதிர்ப்பக்கமும் பிரச்சினை உண்டு. 2022 ஜனவரி 1 அன்று மினியாபொலிஸில் ஆட்டம் தொடங்கும்போது மைனஸ் 21 டிகிரி. அங்கே குளிரூட்டும் இயந்திரத்தைத் தலைகீழாக, ஐஸைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள், இல்லாவிட்டால் உடைந்துபோகும். மினசோட்டா தன்னை ஹாக்கியின் மாநிலம் என்றே சொல்லிக்கொள்ளும், ஆனாலும் அதற்கு வின்டர் கிளாசிக் கிடைக்க அத்தனை வருடம் ஆனது. குளிர் அதற்குக் காரணம் அல்ல, டிவிச் சந்தை சிறியது என்பதுதான் என் ஊகம்.

இப்படிப் பார்த்தால் தெற்கு அணிகளுக்கு வாய்ப்பே இல்லை என்று தோன்றும். 2020இல் டல்லஸ் அந்த எண்ணத்தை உடைத்தது, 85,630 பேர் வந்தார்கள். 2026 ஜனவரி 2 அன்று மயாமியிலேயே நடத்திவிட்டார்கள், ஃப்ளோரிடா பாந்தர்ஸும் ரேஞ்சர்ஸும். பாந்தர்ஸ் 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை ஜெயித்த அணி, அதுவரை ஒரு திறந்தவெளி ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர்களைச் சாத்தியமாக்கியது மைதானத்தின் திறந்து மூடும் கூரை. மூடிவைத்து ஏசி போட்டு ஐஸைத் தயாரித்து, இரவு ஆட்டத்துக்குத் திறந்தார்கள். அடுத்த மாதமே டாம்பாவில் இன்னொரு ஆட்டம், வேறு தொடரில். அந்த மைதானத்துக்குக் கூரையே கிடையாது, அதனால் ரிங்க் மேல் பிரம்மாண்டமான தற்காலிகக் கூடாரம் கட்டி, ஐஸ் தயாரானதும் அதை அகற்றிவிட்டு ஆடினார்கள். இனி ஃப்ளோரிடா அணிகளை வெயிலைச் சொல்லிக் கழிக்க முடியாது. ரேஞ்சர்ஸுக்கு மட்டும் அந்த 1982 சட்டம் அப்படியே இருக்கிறது.