ஸ்பீக்கர் பெட்டியில் ஓட்டை எதற்கு?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். எட்டு அங்குல வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, தெரிந்த ஆசாரியிடம் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறார். ஆசாரி கேட்டாராம்: "சுத்தியும் காத்து போகாம ஃபெவிகால் போட்டு அடைக்கச் சொல்றீங்க. அப்புறம் முன்னாடி நீங்களே மூணு அங்குலத்துக்கு ஓட்டை போடச் சொல்றீங்க. எதுக்கு சார்?" வாசகருக்குப் பதில் தெரியவில்லை, கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார். ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவர் கூடவே சேர்த்துக்கொண்ட கேள்வி.

பள்ளிக்கூடச் சமாச்சாரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கோன், மின்சாரம் ஆடினால் கோன் ஆடும். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட வடிவம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: கோன் முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எட்டு அங்குலக் கோனெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை, சுற்றி வளைத்துக்கொண்டு போய் முன்னும் பின்னும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டி இல்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு பெரிய அட்டையில் வட்டமாக வெட்டி, அந்த ஓட்டையில் அதே ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்தால் பாஸ், அதாவது அந்த ஆழ்ந்த ஒலி, திடீரென்று எட்டிப் பார்க்கும்.

இது நம் ஊர்க்காரர்களுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரிந்திருந்தது. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கேட்காத தெரு உண்டா? பானை ஒரு மூடிய பெட்டி. பின்பக்கச் சத்தம் உள்ளேயே அடைபட்டுவிடுகிறது, அதுவே பாதி வெற்றி. (பானை உருண்டையாக இருப்பதால் சுவர் எளிதில் அதிராது. சதுரப் பலகைப் பெட்டியைவிட இந்த விஷயத்தில் பானை மேல்.) மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். அதை வேண்டுமென்றே கோனுக்கு முதன்மை ஸ்பிரிங்காக வைத்து, சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் எடுக்கலாம் என்று 1954-ல் எட்கர் வில்சர் அமெரிக்காவில் செய்து காட்டினார்.

ஆனாலும் மனசு கேட்காது. கோன் செய்கிற வேலையில் பாதியைப் பெட்டிக்குள் போட்டுப் புதைக்கிறோமே, அதைத் திருப்பி, முன்பக்கத்தோடு ஒத்துப்போகிற மாதிரி வெளியே விட முடியாதா? முடியும். அதற்குத்தான் அந்த ஓட்டை, இன்னும் சரியாகச் சொன்னால் ஓட்டைக்குள் இருக்கும் குழாய்.

காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் பூம் என்று ஒரே ஒரு சுருதி வரும் இல்லையா? பாட்டிலின் வயிற்றில் உள்ள காற்று ஸ்பிரிங், கழுத்தில் உள்ள காற்று அதில் தொங்கும் எடைக்கல். கட வித்வான் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் கும்மென்ற அந்த ஆழ்ந்த ஒலியை மாற்றுவது இதே வித்தைதான். 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்: வயிறு பெரிதானால் சுருதி இறங்கும், கழுத்து நீண்டாலும் இறங்கும், கழுத்து அகலமானால் ஏறும்.

வாசகரின் பெட்டிக்கே போட்டுப் பார்ப்போம். உள் அளவு 25, 30, 42 சென்டிமீட்டர். ஸ்பீக்கரும் குழாயும் பிடிக்கும் இடம் போக ஏறக்குறைய 30 லிட்டர். ஏழு சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 19 சென்டிமீட்டருக்கு வெட்டி வைத்தால் 40 ஹெர்ட்ஸில் பாடும். குழாயின் இரு முனைகளிலும் வெளியே கொஞ்சம் காற்று கூடவே ஒட்டிக்கொண்டு ஆடும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அப்படி ஆடும் மொத்தக் காற்றின் எடை எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட! அந்த ஒரு கிராம் காற்றுதான் உங்கள் பெட்டியின் இரண்டாவது கோன். காசு கொடுத்து வாங்காத கோன்.

ஆனால் அது எப்படிச் சரியான திசையில் தள்ளுகிறது? ஒரு ரப்பர் பேண்டில் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கை கோன், ரப்பர் பெட்டிக் காற்று, பூட்டு குழாய்க் காற்று. கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் பூட்டும் கூடவே ஏறி இறங்கும். வேகமாக ஆட்டினால் கை மேலே போகும்போது பூட்டு கீழே போகும், அதாவது நேர் எதிர். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது, அங்கே கையை லேசாக அசைத்தாலே போதும், பூட்டு துள்ளும். இதைப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். 40-க்கு மேலே, கோன் உள்ளே போகும்போது குழாய்க் காற்றும் எதிர்த்துக்கொண்டு உள்ளே வருகிறது. வெளியே நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன, சேர்ந்து தள்ளுகின்றன. பின்பக்கச் சத்தம் தலைகீழாகத் திரும்பி நம் கட்சிக்கு வந்துவிட்டது! 40-க்கு வெகு கீழே போனால் கோன் உள்ளே போகப் போகக் குழாய் வெளியே துப்புகிறது, பழையபடி ஒன்றையொன்று தின்னும் கதைதான்.

சரியாக 40-இல் நடப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. கைபேசியில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, என் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். 60 ஹெர்ட்ஸில் கோன் கண்ணுக்குத் தெரிந்து துடித்தது. 50, 45 என்று இறக்க இறக்கத் துடிப்பு குறைந்தது. 40-க்கு வந்ததும் கிட்டத்தட்ட நின்றேவிட்டது, ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று யாரும் பயப்படுவார்கள், ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அறை முழுக்கச் சத்தம். ஓர் ஊதுபத்தியைக் குழாய் வாயருகே கொண்டுபோனேன், புகை முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி எகிறியது. குழாய்க் காற்று அதிர்ந்து பெட்டிக்குள் உண்டாக்கும் அழுத்தமே கோனைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்திவிடுகிறது. இன்னும் கீழே, 25-க்குப் போனபோது கோன் பிடிமானம் இல்லாமல் கண்டபடி ஆடியது, சட்டென்று அணைத்தேன். குழாய்ப் பெட்டியில் அடிமட்ட பாஸை ஏற்றி வைத்துக் கேட்பவர்கள் வூஃபரைக் கிழித்துக்கொள்வது இங்கேதான்.

குழாய்ப் பெட்டியை முதலில் ஒழுங்காகச் சிந்தித்தவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ். 1930-ல் விண்ணப்பித்து 1932-ல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் ஓட்டை போட்டார்கள். எந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1961-ல். உள்ளூர்ப் பொறியாளர் இதழில் வந்ததால் அது உலகத்தின் கண்ணில் படப் பத்து வருடம் ஆனது, அமெரிக்க இதழ் ஒன்று 1971-ல் மறுபதிப்புச் செய்த பிறகுதான் பேச்சானது. அதை முழுமையாக்கிய ரிச்சர்ட் ஸ்மால் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். "பெட்டியில் ஓட்டை" என்ற தலைப்பில் இன்றைக்கு நம் ஊரில் ஒரு மாணவர் ஆராய்ச்சி நிதி கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ் (கோனின் சொந்தச் சுருதி), கியூடிஎஸ் (அதன் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது), விஏஎஸ் (அதன் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும், அவை தீல், ஸ்மால் இருவர் கொடுத்தவை. கியூடிஎஸ் 0.3, 0.4 பக்கம் இருந்தால் குழாய்க்கு நல்லது, 0.5-ஐத் தாண்டினால் மூடிய பெட்டியே மேல். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால் மீதியை அதுவே வரைந்து காட்டும். என் முதல் பெட்டிக்கு நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. கடைக்காரர் தாள் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பார்க்க அழகாக ஒரு குழாய் வைத்தேன். தவிலும் மிருதங்கமும் ஒரே சுருதியில் பூம் பூம் என்றன.

அதே சமயம் சிலர் ஸ்பீக்கர் வயருக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் கொட்டுவதைப் பார்க்கிறேன். மூன்று மீட்டர் தூரத்துக்குச் சாதாரணத் தடித்த செப்பு வயர் போதும். "ஓடி ஓடிப் பழகினால் வயர் இனிக்கும்" என்பதும் பெட்டி உயரத்தை மனையடி சாஸ்திரம் பார்த்து வைப்பதும் எனக்கு ஒன்றுதான். ஆசாரியின் மனையடிக்காவது கூடுதல் செலவு இல்லை.

வாசகருக்கு: 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், நடுவில் ஒரு குறுக்குக்கட்டை கொடுங்கள், விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று கேட்க வேண்டும். குழாயை 19-க்குப் பதில் 21 சென்டிமீட்டராக வெட்டிப் பொருத்தி, கோன் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வாருங்கள். ஓட்டையை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, பழைய சாக்ஸ் இரண்டைச் சுருட்டிக் குழாயில் திணியுங்கள். மூடிய பெட்டி ஆகிவிடும், பாஸ் முன்னதாகவே குறையத் தொடங்கும், ஆனால் செங்குத்தாக விழாமல் மெல்ல இறங்கும். சுவர் ஓரமாக வைக்கும் சின்ன அறையில் எனக்கு அதுதான் பிடிக்கிறது, என் வலது பக்கப் பெட்டியில் இப்போதும் ஒரு நீல சாக்ஸ் இருக்கிறது.