பிரிட்டனில் ஐவிஎஃப் லீவு: பெண் இணையர் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

ஐவிஎஃப் (கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சைக்கென்று லீவு தந்தே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் கிடையாது. பாகுபாட்டைத் தடுக்கும் 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறதே என்று நம்பிப் போய் எச்.ஆர். முன்னால் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றவருக்குக் கொடுப்பதை உங்களுக்கு மறுத்தால், அல்லது எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி உங்களைப் போன்றவர்களை மட்டும் அதிகம் பாதித்தால் (மறைமுகப் பாகுபாடு) அந்தச் சட்டம் கைகொடுக்கும்.

மறுப்பு நேராக வராது. கம்பெனி விதியில் 'மலட்டுத்தன்மை உறுதிசெய்யப்பட்டவர்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு பெண்கள் இணையராக வாழும் வீட்டில் இல்லாதது விந்தணு; அதற்கு யார் சான்றிதழ் தருவது? எச்.ஆர். ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போகச் சொல்லும், ஜிபி கிளினிக்கைக் கைகாட்டுவார், கிளினிக் அப்பாயின்ட்மென்ட் கடிதத்தோடு முடித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கணவரின் பரிசோதனை முடிவைக் கேட்டார்கள், மனைவியின் பெயர் அதே படிவத்தில் இருந்தும்! அலையாதீர்கள். "இந்த விதி எங்களுக்கு எப்படிப் பொருந்தும், எழுத்தில் சொல்லுங்கள். இது மறைமுகப் பாகுபாடு ஆகலாம்" என்று மெயில் போடுங்கள்.

இங்கிலாந்தில் பல வட்டாரங்களில் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) செலவில் ஐவிஎஃப் வேண்டுமென்றால், பெண் இணையர் முதலில் சொந்தக் காசில் பலமுறை ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்து பார்த்திருக்க வேண்டும். இதை எடுத்துவிடுவதாக 2022-ல் அரசு சொன்னது. சொன்னது, அவ்வளவுதான். காசோடு லீவும் கரைகிறது.

கரு வைக்கும் நாளைக் குறித்து வையுங்கள். டெஸ்ட் பாசிட்டிவ் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். கரு வைத்த அன்றிலிருந்தே சட்டப்படி நீங்கள் கர்ப்பிணி. அதன்பின் கர்ப்பம் காரணமாக எடுக்கும் நோய் விடுப்பை உங்களுக்கு எதிராக எண்ணக் கூடாது. கரு தங்காவிட்டாலும், அது தெரிந்த பிறகு 2 வாரம் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும். அதற்கு முன்னால் எடுத்த நோய் விடுப்பு வழக்கமான கணக்கில் ஏறிவிடும். தனியாகப் பதியச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். மேனேஜர் வாயால் "சரி, பார்த்துக்கலாம்" என்றால் போதாது, மேனேஜர் மாறிவிடுவார்.

கருவைச் சுமக்காத துணைக்கு நிலைமை இன்னும் மோசம். கர்ப்பம் ஆன பிறகு 2 பரிசோதனைகளுக்குக் கூடப் போகலாம், ஒவ்வொன்றுக்கும் ஆறரை மணி நேரம், சம்பளம் இல்லாமல். சிகிச்சை நாட்களுக்கு அதுவும் இல்லை. பெரும்பாலும் ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவதற்கான கெடு. பாகுபாடு நடந்த நாளிலிருந்து 3 மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே ஏகாஸ் என்ற பணியிடத் தகராறு சமரச அமைப்பிடம் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. கம்பெனிக்குள் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நிற்காது. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று எச்.ஆர். இழுக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.