மிதிவெடியை அறுத்துத் திறந்தால் தெரிவது

கால்வாசியை அறுத்தெடுத்து, உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்படி வண்ணம் பூசிய, பயிற்சிக்கான மிதிவெடி மாதிரி ஒன்றைப் பார்ப்போம். சோவியத் ஒன்றியம் 1950களில் உருவாக்கிய பிஎம்என் என்ற வகை இது. கம்போடியாவின் வயல்களிலும் காடுகளிலும் ஏராளமாகப் புதைந்து கிடந்தது, இன்றும் கிடைக்கிறது. விட்டம் 11 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பேக்லைட் என்ற கடினப் பிளாஸ்டிக்கால் ஆன உடல், மேலே கறுப்பு ரப்பர் மூடி. அசல் வெடியில் சுமார் 240 கிராம் டிஎன்டி என்ற வெடிமருந்து இருக்கும். மாதிரியில் அந்த இடத்தை ரெசினோ மெழுகோ நிரப்பியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஒரு கறுப்பு டப்பா, அவ்வளவுதான். அறுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் இதைச் செய்தவர்களின் கணக்கு புரிகிறது.

மிதிப்பவரின் எடைதான் வெடியை வெடிக்க வைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பிஎம்என்னில் அப்படி இல்லை. வெட்டுமுகத்தில், இழுத்துப் பிடித்த சுருள்வில்லோடு ஓர் ஊசி படுக்கைவாட்டில் கிடக்கிறது. அதற்கு நேர் எதிரே, முதலில் வெடித்து மற்றதை வெடிக்க வைக்கும் சிறு பாகமான டெட்டனேட்டரின் இடம். இரண்டுக்கும் நடுவே, மேல்மூடியோடு இணைந்த ஒரு தடை. கால் பட்டதும் தடை கீழே இறங்குகிறது, ஊசிக்கு வழி திறக்கிறது. டெட்டனேட்டரை அடிக்கும் விசை முழுவதும் வில்லில் உள்ளது. அந்த ஆற்றல் வெடியைத் தயாரித்த நாளிலிருந்தே உள்ளே காத்திருக்கிறது. மிதிப்பவரின் கால் கதவைத் திறந்து விடுகிறது. ஏழெட்டு கிலோ அழுத்தமே அதற்குப் போதும் என்பதால் சிறு பிள்ளையின் காலுக்கும் பெரியவரின் காலுக்கும் வேறுபாடு கிடையாது.

இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. டிஎன்டி மந்தமான பொருள். ஊசி குத்தினால் அது வெடிக்காது, வலுவான அதிர்ச்சி அலை ஒன்று அதைத் தாக்க வேண்டும். அதனால்தான் சிறு அடிக்கே வெடிக்கும் பொருளை மிகக் குறைந்த அளவில் டெட்டனேட்டருக்குள் வைக்கிறார்கள். சிறியது பெரியதை எழுப்புகிறது.

மாதிரியிலேயே என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது ஒரு சின்ன ஈயத் துண்டு. வெடியைப் புதைப்பவர் பாதுகாப்பு ஊசியை உருவியதும் அது உடனே உயிர் பெற்றால் புதைத்தவரே சாவார். எனவே ஒரு மெல்லிய கம்பி, வில்லின் இழுவிசையில், இந்த ஈயத்தை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே போகிறது. முழுவதும் அறுபட ஏறத்தாழ கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஏன் ஈயம்? ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கெல்வின் கணக்கில் சுமார் 600. நம் அறை வெப்பநிலை 300 கெல்வின். அதாவது நாம் கையில் பிடிக்கும்போதே ஈயம் தன் உருகுநிலையில் பாதியை எட்டிவிட்டது. அந்த நிலையில் உலோகம் தொடர்ந்த விசைக்கு மெதுவாக இளகி நகர்ந்து கொடுக்கும். இரும்பில் இது நடக்க அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். குளிர் கூடினால் ஈயம் இறுகும், காத்திருப்பும் நீளும். கடிகாரமும் மின்கலமும் இல்லாமல் ஓர் உலோகத்தின் இயல்பையே நேரங்காட்டியாக்கியிருக்கிறார்கள். இத்தனை கூர்மையான அறிவு இதற்குப் போய்ச் செலவானதே என்ற வருத்தம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

ஈயம் அறுபட்ட பின் அதை ஒட்ட வைக்க வழியில்லை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் பிஎம்என்னைச் செயலிழக்க வைக்கப் பார்க்காமல், பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே வெடிக்க வைத்து அழிப்பதன் நியாயம் இந்தத் துண்டில் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் படித்தால் இது ஒரு கட்டளை. மாதிரியில் பார்த்தவருக்குக் காரணமே கண்ணில் நிற்கும்.

இன்னொரு விதியும் அப்படித்தான். நிலத்தைக் கூர்க்கம்பியால் தேடுபவர் அதைச் செங்குத்தாக இறக்க மாட்டார். சுமார் 30 டிகிரி சாய்வில், மெதுவாக, பக்கவாட்டிலிருந்து செலுத்துவார். அழுத்தத்தை உணரும் பாகம் மேலே, உறுதியான உடல் பக்கத்தில் என்பதை வெட்டுமுகம் காட்டிவிடுகிறது. ஆனால் வெள்ளம் வந்து வெடியைப் புரட்டிப்போட்டிருந்தால் மேற்பக்கம் பக்கமாகத் திரும்பியிருக்கும். நல்ல பயிற்சியாளர்கள் மாதிரியைச் சாய்த்தும் கவிழ்த்தும் வைத்துப் பாடம் நடத்துவது இதனால்தான்.

அமெரிக்காவின் எம்14 என்ற மிதிவெடி பிஎம்என்னைவிடச் சிறியது. குறுக்கே 56 மில்லிமீட்டர், உள்ளே 29 கிராம் வெடிமருந்து. இதில் சுருள்வில் இல்லை, கூம்பாக வளைந்த ஒரு தட்டு இருக்கிறது. டப்பா மூடியின் குமிழை அழுத்தினால் ‘டொப்’பென்று உட்பக்கம் திரும்புமே, அதே செயல். கால் எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் தட்டு ஒரே வேகத்தில்தான் புரளும். மாதிரியில் உலோகத்தைத் தேடினால் ஓர் ஊசிமுனைதான் அகப்படும். உலோகம் காட்டும் கருவி ஏன் திணறுகிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். கருவிக்கு அகப்பட வேண்டும் என்பதற்காக, 1996இல் திருத்திய ஒரு சர்வதேச நெறிமுறை, ஆளைக் குறிவைக்கும் வெடிகளில் குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகம் இருக்க வேண்டும் என்றது.

இலங்கையின் வடக்கில் முகமாலை போன்ற இடங்களிலும் இந்தச் சிக்கல்தான். அங்கே தோண்டியெடுப்பவற்றில் பாகிஸ்தானில் தயாரான பி4 என்ற சிறு பிளாஸ்டிக் வெடியும், அதைப் பார்த்து விடுதலைப் புலிகள் செய்த ரங்கன் 99உம் உண்டு. மண்டியிட்டு மண்ணுக்கடியில் வெடிகளைத் தேடும் பெண்களுக்கு, புதைத்தது எந்தத் தரப்பு என்பதைவிட அழுத்தும் பாகம் எங்கே என்பதே முக்கியம்.

முன்பெல்லாம் உண்மையான வெடியிலிருந்து மருந்தை எடுத்துவிட்டு, கூட்டை அறுத்துத்தான் மாதிரி செய்தார்கள். டிஎன்டி சுமார் 80 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வெளியேற்றுவது முடிகிற காரியம்தான், ஆனால் தேர்ந்த கைகளுக்கு மட்டும். மூலையில் துகள் ஒட்டியிருந்தாலும் ஆபத்து. எல்லை தாண்டி எடுத்துப் போவதோ பெரும் தொல்லை. இதற்கு மாற்றாக, கோல்டன் வெஸ்ட் மனிதநேய அறக்கட்டளை கம்போடியாவில் முப்பரிமாண அச்சில் மாதிரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சிங்கப்பூரின் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் அதில் துணை நின்றன. இந்த மாதிரிகளில் பாகங்கள் அசையும். மூடியை அழுத்தினால் தடை இறங்குவதையும் ஊசி பாய்வதையும் பயிற்சி பெறுபவர் தன் கையாலேயே நிகழ்த்திப் பார்க்கலாம்.

ஆனால் இவற்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் எடுத்துப் பழகிய குழந்தை, வயலில் அதே உருவத்தைக் கண்டால் மறுபடி எடுக்கத்தான் கை நீட்டும். பிள்ளைகளுக்குப் படம் போதும். கூடவே, தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல் என்ற மூன்றும்.