இட–நேர அரியம்

ஒருவர் எட்டு மணிக்கு இங்கே, எட்டரைக்கு அங்கே நின்றது தெரியும்; இடையில் எங்கெல்லாம் போயிருக்கலாம்? அந்த எல்லையைக் காட்டும் உருவமே இட–நேர அரியம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் புவியியலாளர் தோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் வெளியிட்ட கட்டுரையால் இக்கருத்து பரவியது.

அரியத்தின் ஆங்கிலப் பெயரான 'பிரிசம்' என்பதன் கிரேக்க மூலத்துக்கு 'அறுக்கப்பட்டது' என்று பொருள். நமது இலங்கைப் பாடநூல்களின் 'அரியம்' என்ற சொல்லிலும் அரிதல் இருப்பதால், தமிழகத்துப் 'பட்டக'த்தைவிட இது நெருக்கமானது. 'இட–நேரம்' என்பதற்குக் 'காலவெளி' வேண்டாம்; வாசகர் ஐன்ஸ்டைனிடம் போய்விடுவார். (நேரத்தை நிலைக்குத்தாக வரைந்தால் கிடைப்பது வாயோடு வாய் பொருந்திய இரு கூம்புகள். கணித ஆசிரியர் இதை அரியமென்று ஒப்பமாட்டார்.)

தேவையானவை நான்கு: இரு முனைகள், இடைப்பட்ட நேரம், உச்சக் கதி, நடுவில் தரித்த நேரம். மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் 12 கி.மீ. இடைவெளியுள்ள இரு இடங்கள், 30 நிமிடம், மணிக்கு 40 கி.மீ. என்று கொள்வோம். ஓடக்கூடியது 20 கி.மீ. அரியத்தின் நிழலாகத் தரையில் விழுவது 20 கி.மீ. நீளமும் 16 கி.மீ. அகலமும் கொண்ட நீள்வளையம். பரப்பு ஏறத்தாழ 251 சதுர கி.மீ. பத்து நிமிடம் எங்காவது தரித்திருந்தால் அது 61 ஆகச் சுருங்கும். பதினைந்து நிமிடமென்றால் அரியமே இல்லை. தரவில் இப்படி அரியம் மறைந்தால், பெரும்பாலும் உச்சக் கதியைக் குறைத்துக் கொடுத்திருப்பீர்கள்.

இங்கே அந்த நீள்வளையத்தை அப்படியே நம்பக்கூடாது. கிழக்குப் பாதி கடலில் கிடக்கும். மேற்குப் பாதி வாவியைத் தாண்டி மேற்குக் கரையான படுவான்கரையில் ஏறும். அக்கரைக்கு மண்முனை, பட்டிருப்பு போன்ற பாலங்களாலோ, குருக்கள்மடம்–அம்பிளாந்துறை போன்ற இடங்களில் ஓடும் பாதையாலோதான் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை) போகலாம். ஆகவே வீதி வலையமைப்பின்மேல் கணக்கிட்டு, பாதை அக்கரையில் நிற்கும்போது காத்திருக்கும் நேரத்தையும் கழிக்க வேண்டும்.

அரியம் இயலுமையை மட்டுமே சொல்லும். உள்ளே எல்லா இடத்துக்கும் ஒரே நிகழ்தகவு என்று கொள்வது பிழை. நிகழ்தகவைக் கணிக்க, இரு முனைகளுக்கிடையே எழுந்தமானமாக அலையும் நகர்வை விவரிக்கும் பிரௌனியப் பாலம் என்ற மாதிரியைப் பயன்படுத்துவர். அதன் நிச்சயமின்மை முனைகளில் பூச்சியம், நடுவில் உச்சம். ஆனால் அதற்குக் கதி எல்லை கிடையாது. நிகழ்தகவு அரியத்துக்கு வெளியேயும் கசியும். வெளியே விழுவதை வெட்டிவிட்டு, மிகுதியின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி திருத்த வேண்டும்.

முனைகளும் உறுதியானவையல்ல. ஜீபீஎஸ் திறந்தவெளியில் சில மீற்றர்தான் பிழைக்கும். தொலைபேசிக் கோபுரத் தரவு கிலோமீற்றர் கணக்கில் பிழைக்கும்: நீர்ப்பரப்பின்மேல் அலை தடையின்றிச் செல்வதால் கைத்தொலைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடும், வாவியைக் கடக்காதவரும் கடந்தவராகப் பதிவாவார். அத்தரவுக்கு முனையைப் புள்ளியாக அல்லாமல், இரு கரையையும் தொடும் வட்டமாகக் கொடுங்கள்.