விமானம் இறங்கும்போது குழந்தையின் காது ஏன் வலிக்கிறது?

சென்னையிலிருந்து டெல்லிக்குக் கைக்குழந்தையுடன் கிளம்பும் பெற்றோர், ரயிலா விமானமா என்று யோசிக்கும்போது கட்டணத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிறார்கள். குழந்தையின் காதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி, காற்று நிரம்பிய ஒரு சிற்றறை. அதை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் யூஸ்டேக்கியன் குழாய் பெரும்பாலும் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ அண்ணத்துத் தசை ஒன்று அதைக் கணநேரம் இழுத்துத் திறக்க, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தம் சமமாகிறது.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் கீழே போகாதபடி உள்ளே காற்றழுத்தம் பேணப்படுகிறது. இது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு; ஊட்டியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. விமானம் மேலேறும்போது நடுச்செவியில் விரியும் காற்று குழாயைத் தானே தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது: வெளியழுத்தம் கூடக்கூட செவிப்பறை உட்புறமாக அழுத்தப்படுகிறது, குழாயின் மென்மையான சுவர்களும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. தசை வேலை செய்தாலன்றி அது திறக்காது. கைக்குழந்தைக்கோ அந்தக் குழாய் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி நீளமே உடையது, குறுகலானது, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் கிடப்பது. அதைத் திறக்கும் தசையும் இன்னும் தேர்ச்சி பெற்றிருக்காது. சளி பிடித்திருந்தால் குழாயின் உட்சுவரும் வீங்கி வழியை அடைத்துவிடும்.

உயரம் மட்டுமே காரணம் என்றால் மலை ரயிலிலும் குழந்தைகள் இப்படி அழ வேண்டும். 1908 முதல் ஊட்டி வரை ஓடும் நீலகிரி மலை ரயில், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறது. ஆனால் அதற்கு மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வதால், குழந்தை விழுங்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சிறிது சிறிதாகச் சரியாகிவிடுகிறது. ஏறத்தாழ அதே அளவு அழுத்த மாற்றம் விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் நிகழ்ந்து முடிகிறது.

ஆகவே, சென்னையிலிருந்து கோவை போன்ற தொலைவுக்கு ரயிலே மேல் என்பது என் கருத்து. டெல்லிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், உடல்நலம் நன்றாக உள்ள குழந்தையை விமானத்தில் அழைத்துச் செல்வதில் தவறில்லை. கடும் சளியோ காதுத் தொற்றோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, பயணத்தைத் தள்ளிப்போடுவதோ ரயிலை நாடுவதோ நல்லது.

விமானத்தில் சென்றால், கிளம்பும்போதே பாலைக் கொடுத்து முடித்துவிட வேண்டாம். வயிறு நிறைந்து உறங்கும் குழந்தை குறைவாகவே விழுங்கும். காதுக்கு விழுங்குதல் மிகவும் தேவைப்படுவது இறங்கும் வேளையில்தான். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே, இறக்கம் தொடங்கியதும் குழந்தையை எழுப்பி, தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரைச் சிறு மிடறுகளாகப் பருகத் தரலாம்.